எலுமிச்சை மரத்துக்கு ஜாமீன்

“…அத்த எதுக்கு வெச்சிகினு மாரடிக்கிற ஏழுமல, வெட்டிப் போட்டுட்டு வேலயப் பாரு. எலிமிச்சங்கா வோணும்னா எங்க வூட்ல கீது” என்று எதிர்வீட்டுக் கன்னியம்மா பெரியம்மா சொல்லி முடித்தபோது, அப்பா ஓங்கிய கோடாலி அந்தரத்தில் நின்றது, அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது, கசங்கிய எலுமிச்சை இலையின் வாசம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் பதற்றத்தில் நான் ஓர் இலையைக் கிள்ளிக் கிள்ளி முகர்ந்தபடி பக்கத்தில் நின்றிருந்தேன். இன்றைக்கும் என் செடி நர்சரிக்கு வருகிறவர்கள் எலுமிச்சை இலையைக் கிள்ளினால் எனக்கு ஊறுகாய் நினைவுக்கு வருவதில்லை, கோடாலிதான் வருகிறது.

பெரியம்மா சொல்லியிருக்க வேண்டிய வசனம் வேறு. எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்தை மிரட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் வீட்டுக்காரர் கோடாலியோடு மரத்தின் முன்னால் போய் நின்று, உன்னை வெட்டப் போகிறேன் என்று அதன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். வேற்று வீட்டு ஆள் ஒருவர் ஓடிவந்து தடுத்து, விட்டுவிடு, இந்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். வீட்டுக்காரர் போனால் போகிறது என்று கோடாலியை இறக்க வேண்டும். பயமும் ரோஷமும் சேர்ந்து மரம் அடுத்த பருவத்தில் பூத்துவிடும் என்பது நம்பிக்கை. ஜாமீன் நிற்பவர் வீட்டில் அதே மரம் நன்றாகக் காய்க்கிறதாக இருந்தால் இன்னும் விசேஷம். எங்கள் தெருவில் அந்தத் தகுதி இருந்தது கன்னியம்மா பெரியம்மா ஒருவருக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் அம்மாவே போய் அழைத்து, வசனத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்தபடி நன்றாகத் தலையை ஆட்டியிருக்கிறார்.

அம்மாவுக்கு அந்த வாசலை மிதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். படாளத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் ஊர். வீட்டுக்கு நேர் எதிரே பெரியம்மா வீடு, அதன் பக்கவாட்டில் வருஷம் முழுக்கக் காய்க்கும் நாட்டு எலுமிச்சை. அந்தக் காலத்தில் எலுமிச்சை வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குப் போவானேன் என்று தெருவே அங்கேதான் போகும். பெரியம்மா யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லை. கை நிறையக் கொடுப்பார். கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தையும் கொடுப்பார், அதுதான் தொல்லை. அம்மா படியேறும்போதே, “வா தேவகி, நீ வாயத் தொறக்க வோணாம், மூஞ்சியே புளிச்சிகினு கீது, எலிமிச்சங்காதான?” என்பார். பறிக்கப் போனால், பார்த்துக் கிள்ளு, மரத்துக்கு நோகும் என்பார். திரும்பி வரும்போது, பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, “உம் மரம் இன்னா சொல்லுது?” என்பார். ஒருமுறை ஆறுதலாக, “காய்க்காத மரத்துக்கும் ஒரு அழகு கீது தேவகி, துணி காயப்போடலாம்” என்றாராம். அன்றைக்கு அம்மா சோறு வடிக்கும்போது தட்டு தானாகவே கீழே விழுந்து உருண்டது.

உலகத்தில் யாரிடமும் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை, எலுமிச்சங்காய் ஒன்றுக்காக ஆயுசு முழுக்க ஒருத்தி வாசலில் நிற்க என்னால் ஆகாது என்பதுதான் அம்மாவின் ஒரே வைராக்கியம். அந்த வைராக்கியத்தின் உருவம் எங்கள் வீட்டுப் பின்பக்கம், பாத்திரம் தேய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. விதை போட்டு வந்த மரம். யார் வீட்டுப் பழத்து விதை என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. திருக்கழுக்குன்றம் மலைக்குப் போய்விட்டு வந்தபோது பிரசாதமாகக் கிடைத்த பழம் என்பது அம்மா கட்சி. தன் வீட்டுப் பழத்தைப் பிழிந்து அம்மா எறிந்த விதை என்பது பெரியம்மா கட்சி. மரம் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாமல் முள்ளும் இலையுமாக ஓட்டுக்கு மேலே வளர்ந்துகொண்டே போனது.

அதற்குச் செய்த வைத்தியம் கொஞ்சமல்ல. அரிசி களைந்த தண்ணீர், மோர்ப்பானை கழுவிய தண்ணீர், பருப்பு வேகவைத்த தண்ணீரில் மிச்சம், எல்லாம் அதற்குத்தான். அப்பா அப்போது வேறொருவர் வேனுக்கு டிரைவர். மாமல்லபுரம் போகிற சவாரி கிடைத்த நாளில் கடற்கரையில் மீன் வாங்கி வருவார். மீன் அலசிய தண்ணீர் அன்றைக்கு மரத்துக்கு விருந்து. தெருவில் போகிற பூனைகள் எல்லாம் எங்கள் எலுமிச்சை அடியில் வந்து தியானத்தில் உட்காரும். பால்காரர் சாணியைத் தண்டோடு ஒட்டிக் குவிக்கச் சொன்னார், குவித்தாள். தபால்காரர் துருப்பிடித்த ஆணிகளை வேரில் புதைக்கச் சொன்னார், புதைத்தாள். பூக்காரம்மா, மரத்துக்குக் கண்பட்டிருக்கிறது, பழைய செருப்பைக் கட்டுங்கள் என்றார். அப்பாவின் செருப்பு இன்னும் பழசாகவில்லையே என்று யோசித்து, அதில் ஒன்றை மட்டும் கட்டினாள். அப்பா மற்றொரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெரு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் தலையை நிமிர்த்திப் பார்த்தார். “இத்துக்குப் போட்ற தீனிய வண்டிக்குப் போட்டிருந்தா திருப்பதிக்கே போய்ட்டு வந்திருக்கும்” என்றார்.

பூச்சிகளுக்கு மட்டும் அந்த மரம் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருநாள் இலைமேல் காக்கை எச்சம் என்று நினைத்து அம்மா தண்ணீர் தொட்டுத் துடைக்கப் போக, எச்சம் எழுந்து நடந்தது. எலுமிச்சைப் புழு குட்டியாக இருக்கும்போது அச்சாக எச்சம் மாதிரியேதான் இருக்கும். வளர்ந்தால் பச்சையாகி, தொட்டவுடன் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். அதைக் குச்சியால் எடுத்து டப்பாவில் போடுவது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை. அதற்குக் “கொம்பன்” என்று பெயர் வைத்திருந்தேன். கொம்பன்கள் தின்றதுபோக, கொழுந்து இலைகளில் நத்தை ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடு விழுந்து சுருண்டுகொள்ளும். அது இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டுகிற இன்னொரு பூச்சி. அதற்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடிக்க வேண்டும் என்று இன்றைக்கு நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அன்றைக்கு அம்மா, சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனையும் தின்றுவிட்டு மரம் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அப்பா சொந்தமாக வேன் வாங்கினார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த சந்தோஷங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த வேனுக்கு ஈடாகாது. வெயிலில் நின்றால் பெயிண்ட் வெளுக்கும், மழையில் நின்றால் துருப்பிடிக்கும் என்று அப்பாவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. ஷெட்டு போட வீட்டில் இருந்தது ஒரே இடம், அந்த இடத்தில் நின்றது எலுமிச்சை. வேனை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் முள் வந்து பெயிண்டில் கோடு போட்டது. ஒரு சாயங்காலம் அப்பா வேனைத் தடவியபடியே, மரத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினால் எங்கள் வீட்டில் அது பெரிய பஞ்சாயத்து என்று அர்த்தம். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில், ஒரே ஒருமுறை மிரட்டிப் பார்க்கலாம், அதற்கும் மசியாவிட்டால் அப்புறம் உங்கள் இஷ்டம் என்று அம்மா இறங்கிவந்தாள். அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

ஆகவே அந்த விடியற்காலை. அம்மா தலைக்குக் குளித்து, தண்டுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, கோடாலியோடு வந்து, மரத்தோடு பேசக் கொஞ்சம் கூச்சப்பட்டுச் சுற்றிலும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தே, உன்னத்தான். இத்தினி வருசமா தின்னுகினு நிக்கிற, ஒரு பிஞ்சி கண்ணுல காட்னியா? எம் பொண்டாட்டி உனுக்கு இன்னா கொற வெச்சா?” என்று தொடங்கினார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. வேனில் விழுந்த கோடெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், இதோ வெட்டப் போகிறேன் என்று கோடாலியை ஓங்கியபோது எனக்கே பயமாக இருந்தது. அம்மா பெரியம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பெரியம்மா முன்னால் வந்தார். மரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்புறம்தான் அந்த வார்த்தை.

அதைப் பொறாமையில் சொன்னார் என்பது அம்மா. நல்ல மனசு, மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார் என்பது அப்பா. என்னைக் கேட்டால், காய்க்காத ஒரு மரம், ஷெட்டில்லாத ஒரு வேன், கையில் கோடாலியோடு ஓர் ஆள், இந்த மூன்றையும் பார்த்தவுடன் அவருக்கு வசனம் மறந்து நியாயம் தோன்றிவிட்டது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா சொல்றதும் நாயமாத்தான் கீது” என்று மெல்லச் சொன்னார். அம்மா பாய்ந்து மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள், முதுகில் முள் குத்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. “வுட்டுடுங்க. இந்த வருசம் காய்க்கும். நா ஜாமீனு” என்றாள்.

அப்பா சட்டம் பேசினார். “நீ சொன்னா செல்லாதே தேவகி. வேத்து வூட்டு ஆளுதான சொல்லணும்?”

அம்மா யோசிக்கவே இல்லை. “நா கட்டிகினு வந்த நாள்லேர்ந்து உங்கம்மா எத்தினி தபா சொல்லிகீறாங்க, ‘வேத்து வூட்டுப் பொண்ணு, வேத்து வூட்டுப் பொண்ணு’ன்னு? அப்ப அது செல்லுச்சில்ல? இப்ப நா சொல்றதும் செல்லும். எறக்குங்க கோடாலிய.”

கோடாலி இறங்கியது. பெரியம்மா, “அதான, அவ சொல்றதும் நாயந்தான்” என்று சொல்லிவிட்டு வாசல் தெளிக்கப் போய்விட்டார்.

ஜாமீனுக்கு அப்பா ஒரு கெடு வைத்தார், ஆடி மாசம் வரைக்கும்தான் என்று. அதற்குள் ஷெட்டு வேலையை நிறுத்திவைப்பானேன், கம்பம் நடக் குழிகளையாவது வெட்டிவைக்கிறேன் என்று கடப்பாரையை எடுத்து, மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் தோண்டிவிட்டார். போகிற வழியில் குறுக்கே வந்த வேர்களெல்லாம் அறுந்தன. அம்மா அதைத் தடுக்கவில்லை. அவளுக்குக் கோபம் இப்போது மரத்தின்மேல் திரும்பியிருந்தது. தெருவில் ஒருத்தி முன்னால் தன்னை இப்படி நிற்க வைத்துவிட்டதே, இனி உனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அரிசி களைந்த தண்ணீரை மரத்தின் எதிரிலேயே எடுத்துப்போய், அது பார்க்கட்டும் என்று முருங்கைக்கு ஊற்றினாள். தண்டோடு குவித்திருந்த சாணியையும் வாரிக் குழிகளில் தள்ளினாள்.

கத்திரி வெயில் வந்தது. எலுமிச்சையின் இலைகள் தொங்கின, சுருண்டன, பாதி கொட்டிவிட்டன. அம்மா அடுப்படி ஜன்னல் வழியாக ஒருமுறை பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒருநாள் செம்போடு பின்கதவுவரை போய்விட்டுத் திரும்பிவந்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். அப்பா, வெட்டுகிற வேலைகூட மிச்சம், மரம் தானாகவே போய்விடும் போலிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னதற்கு அன்றைக்கு அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

பிறகு கோடை மழை ஒன்று இடியோடு வந்து அடித்துவிட்டுப் போனது. குழிகள் நிரம்பின. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அம்மா பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, மரம் முழுக்க மாவுப்பூச்சி வந்துவிட்டது, வெள்ளை வெள்ளையாக மொய்த்திருக்கிறது என்று சோப்புத் தண்ணீர் கரைக்கத் தொடங்கினாள். தண்ணீர் தர மாட்டேன் என்று சொன்னவள், சோப்புத் தண்ணீரை அதில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. நான் அவளுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். பூச்சிக்கு இப்படி வாசனை இருக்காதே என்று தோன்றியது. இலையைவிட மொட்டு அதிகமாக இருந்தது. அத்தனை வருஷமும் அந்த மரத்தில் பூச்சியை மட்டுமே பார்த்துப் பழகிய அம்மாவுக்குப் பூவை அடையாளம் தெரியவில்லை. சோப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருவே வந்து பார்த்தது. நான் ஓங்கிய கோடாலிக்குத்தான் பயந்தது என்றார் அப்பா. ஆணிதான் இத்தனை நாள் கழித்து வேலை செய்கிறது என்றார் தபால்காரர். கன்னியம்மா பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்று, “நா வெட்டுன்னு சொன்னேன் பாரு, அதுலதான் அத்துக்கு ரோசம் வந்துச்சி” என்றார்.  எல்லோரும் போன பிறகு அம்மா, தான் ஊட்டி ஊட்டி வளர்த்தபோது பூக்காத மரம், பட்டினி போட்டவுடன் பூத்ததே, அப்படி என்ன என் கை என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

பதில் எனக்கும் அப்போது தெரியாது. நர்சரி வைத்த பிறகு, செடிகள் செத்துச் செத்துக் கற்றுக்கொடுத்ததுதான் இப்போது சொல்வது. எலுமிச்சைக்கு ஓயாமல் தண்ணீரும் சாணியும் கொடுத்தால் அது இலையும் முள்ளும் விட்டுக்கொண்டு சுகமாக இருந்துவிடும். கொஞ்ச நாள் வாடவிட்டு, பிறகு ஊட்டமும் தண்ணீரும் கொடுத்தால்தான் பூக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றும். விதையில் வந்த மரத்துக்கு வயசும் ஆக வேண்டும். அன்றைக்கு அதன் வயசும் வந்திருந்தது, அப்பாவின் குழியும் அம்மாவின் கோபமும் சரியான நேரத்தில் வந்திருந்தன. சாணியைத் தண்டோடு ஒட்டி வைக்காதீர்கள், பட்டை அழுகிப் பிசின் வடியும். ஒரு முழம் தள்ளி வையுங்கள். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் அது சத்துக் குறைவு; இலை முழுக்க மஞ்சளாகி மண் சொதசொதவென்று இருந்தால் அது நீங்கள் காட்டும் பாசம். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் பால்கனித் தொட்டியைப் போனில் படம் பிடித்து வந்து காட்டும்போது, பாதிப்பேருக்கு நான் சொல்வது இந்தப் பாசத்தைக் குறையுங்கள் என்பதைத்தான். மிச்சப் பாதிக்கு, தொட்டியை வெயிலில் வையுங்கள் என்பேன்.

ஆடி வந்தபோது மரத்தில் சுண்டைக்காய் அளவில் பிஞ்சுகள் இருந்தன. பிஞ்சு காய்க் கணக்கில் சேருமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். பிஞ்சு வைத்த மரத்தில் கைவைத்த குடும்பம் எங்கே விளங்கும் என்று அம்மா கேட்டவுடன் குழிகளை மூடிவிட்டார். வேன் தெருவிலேயே நின்றது.

ஆயுத பூஜைக்கு வேனின் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்க எலுமிச்சை வேண்டும். இப்போதுதான் நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று அப்பா மரத்தடிக்குப் போக, அம்மா குறுக்கே நின்றாள்: இத்தனை வருஷம் தவம் கிடந்து வந்த தலைக்காயை டயரில் போட்டு நசுக்குவதாவது. அப்பா வாதாடவில்லை. பின்வழியாகச் சுற்றிக்கொண்டு போய் எதிர்வீட்டில் வாங்கிவந்துவிட்டார். பெரியம்மா காயைக் கொடுத்த கையோடு தெருவுக்கே கேட்கும்படி, “மரம் வெச்சிகினு கீறவங்க வூட்டுக்கும் நாந்தான் எலிமிச்சங்கா குடுக்கணும் போல” என்றார். அம்மா கற்பூரத்தட்டைக் கையில் பிடித்திருந்தாள். அது ஆடிய ஆட்டத்தில் கற்பூரம் அணைந்துவிட்டது.

ஆனால் அதுதான் பெரியம்மா தன் மரத்திலிருந்து கொடுத்த கடைசிக் காய். எங்கள் மரம் பூத்ததைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. குழி வெட்டித் தண்ணீரை நிறுத்தியதில்தானே அது அப்படிப் பூத்தது, ஏற்கெனவே காய்க்கிற என் மரத்துக்கு அதைச் செய்தால் எப்படி இருக்கும்? ஆடி மாசத்திலேயே ஆள் வைத்துச் சுற்றிலும் ஆழமாகத் தோண்டியிருந்தார். காய் நிறையச் சுமந்துகொண்டிருந்த வயதான மரம், வேர் அறுந்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வாடி, ஆயுத பூஜைக்குப் பிறகு மிச்சக் காயையெல்லாம் உதிர்த்துவிட்டது. ஐப்பசி மழை வந்து குழிகளில் நாள்கணக்காகத் தண்ணீரைத் தேக்கியது. தைக்குள் கிளை கிளையாகக் காய்ந்து, தண்டில் பிசின் வடிந்து நின்றது. அந்தத் தை மாசம் எங்கள் மரத்தடியில் பழம் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது.

அம்மா காத்திருந்தாள். பெரியம்மா ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும்? அதற்கு ஒரு வார்த்தையும் தயாராக வைத்திருந்தாள். “வாக்கா, வாயத் தொறக்க வோணாம், மூஞ்சியே புளிச்சிகினு கீது” என்று அவள் கோலம் போடும்போது தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். பௌர்ணமிக்குத் திருக்கழுக்குன்றம் மலை சுற்றப் போவதற்கு முதல்நாள் பெரியம்மா வந்தார். கட்டுச்சோறு கட்ட எலுமிச்சை வேண்டும் என்று தெருவுக்கே தெரியும். வந்தவர் வெங்காய விலையைப் பேசினார், மருமகளின் தலைவலியைப் பேசினார், பஸ்ஸில் இருக்கும் கூட்டத்தைப் பேசினார். அம்மா எல்லாவற்றுக்கும் “உம்” கொட்டிக்கொண்டு, கேட்கட்டும் கேட்கட்டும் என்று நின்றாள். பெரியம்மா மரத்தடியைப் பார்த்தார்.

“இன்னா தேவகி, இத்தினி கீழ வுழுந்து அழுவிகினு கீது? எறும்பு வெச்சிடும். சும்மா இரு, நா பொறுக்கிகினு போறேன், உனுக்கு வேல மிச்சம்” என்று சொல்லியபடி குனிந்து, நல்ல பழமாகப் பார்த்து மடி நிறையக் கட்டிக்கொண்டு, தொடப்பம் ஒன்று நல்லதாக வாங்கு என்று புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்கவே இல்லை. அம்மாவின் வார்த்தை அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

இன்றைக்கு அந்தத் தெருவில் எதிர்வீட்டு எலுமிச்சை இருந்த இடத்தில் இரண்டு வாடகைப் போர்ஷன்களும் மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. குடியிருக்கிற பிள்ளைகள் எலுமிச்சையைக் கடையில்தான் வாங்குகிறார்கள். வேன் கைமாறிப் போய்விட்டது, அப்பா மூட்டுவலியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விடியலில் மரத்தோடு சண்டை போடுகிற ஆட்களை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. தெருவில் ஒருவரையொருவர் ஜாமீனுக்குக் கூப்பிடுகிற பழக்கமும் போய்விட்டது. எங்கள் மரம் கிழடாகி ஒரு பக்கம் மொட்டையானாலும் இன்னொரு பக்கம் காய்க்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். காய்ந்த கிளைகளை வெட்டிவிடலாம் என்று பின்பக்கம் நின்றபோது கன்னியம்மா பெரியம்மா கையில் கொக்கி கட்டிய குச்சியும் ஒரு பையுமாக வந்தார். இப்போது முதுகு கூனிவிட்டது, குரல் கூனவில்லை. “இன்னாடி மரம் மாதிரி நின்னுகினு கீற? கிளயப் புடி” என்றார். பிடித்தேன். அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பெரியம்மா நிதானமாக, கொம்பில் ஒன்று விடாமல் பறித்துப் பையை நிரப்பிக்கொண்டார். போகத் திரும்பியவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பையில் கையை விட்டு ஒரு பிடி எலுமிச்சங்காயை எடுத்து என் கையில் திணித்தார்.

“இந்தா, உங்கம்மாகிட்ட குடு. பாவம், அவளுக்குக் கேக்கறதுக்குக் கூச்சம்” என்று சொல்லிவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.